அழகுக்குப் போட்ட ஊசி

அழகை விரும்புவது குற்றமென்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஆனால், ஒடுங்கிய கன்னத்தையும் மெலிந்த உதட்டையும் ஊசி மருந்தினால் நிரப்பிவிடும் வித்தையைப் பற்றி நேயர்களிடம் சில வார்த்தைகள் சொல்லி வைப்பது அவசியமென்று கருதுகிறோம்.

வித்தை புதியதன்று. 1899-ம் வருஷத்தில் வியன்னா நகரத்து வைத்தியர் ராபர்ட் கெர்சுனி, பாரபின் வகைப் பொருளைத் தோலுக்கடியில் செலுத்தினார். விரைவிலேயே அது நாகரிகமாகப் பரவிற்று. கிளாடிஸ் டீகன் என்னும் பேரழகி, 1903-ல், தமது 22-வது வயதில், மூக்கைத் திருத்திக்கொள்ள அதைப் போட்டுக்கொண்டார். மெழுகோ வைத்த இடத்தில் நிற்கவில்லை. மோவாயை நோக்கி இறங்கியது. பிற்காலத்தில் மார்ல்பரோ கோமகளான அந்த அம்மையார் 1977 வரை ஜீவித்திருந்தார். ஒரு நாளைய ஊசிக்கு எழுபத்து நான்கு வருஷத் தண்டனை!

இன்று வழங்கும் "பில்லர்"களில் பெரும்பாலானவை ஹயலுரானிக் அமிலத்தினால் ஆனவை. நம் உடம்பிலேயே இயல்பாக உள்ள வஸ்துவாதலால், காலக்கிரமத்தில் கரையக்கூடியது. பெரும்பாலோருக்குத் தீங்கும் நேர்வதில்லை. ஆயினும் சிலருக்கு, எல்லாம் சரியாகிவிட்டதென்று மறந்த பிறகு, பல மாதங்கள், ஏன், வருஷங்கள் கழித்துக்கூட, அவ்விடத்தில் கட்டியும் வீக்கமும் தோன்றுகின்றன. உள்ளே சென்ற பொருளை உடம்பு அந்நியமாகப் பாவித்து அதைச் சூழ்ந்து முற்றுகையிடுவது ஒரு காரணம். அதன்மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டு உறங்கிக் கிடப்பது மற்றொரு காரணம். ஜலதோஷமோ, பல் சிகிச்சையோ அவற்றைத் தட்டி எழுப்பலாம். 2020-ல் அமெரிக்காவில் மாடர்னா தடுப்பூசியைப் பரீட்சித்தபோது, முன்பு பில்லர் போட்டுக்கொண்டிருந்த மிகச் சிலருக்கு முகம் வீங்கி, பின்னர் வடிந்தது.

ஹயலுரானிக் அமிலமாயின், அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் என்னும் மாற்று மருந்து உண்டு. சிலிகான் திரவத்துக்கு அத்தகைய மாற்று இல்லை. கத்தியால் அகற்றினாலும் தழும்பு மிஞ்சும். முழுவதும் வெளிவரும் என்ற நிச்சயமுமில்லை.

ஆகவே, ஊசி போட்டே தீருவது என்று தீர்மானித்தவர்கள், அதன் பெயர் என்ன, கரைக்க முடியுமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். தேதியையும் பெயரையும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். கட்டி தோன்றினால் பிசைந்து பார்க்காமலும், வெட்கப்பட்டு மறைக்காமலும், தேர்ந்த சரும வைத்தியரை நாட வேண்டும். நகை வாங்கிய ரசீதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். முகத்துக்குள் போன மருந்தின் சீட்டுக்கு அதில் கொஞ்சம் இடம் கொடுக்கலாகாதா?