குடியிருப்பு எங்கே, நிலம் எங்கே?

கேள்வி: ஐயா, நாங்கள் தேவாரத்தில் குடியிருக்கிறோம். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். கோடையில் கிணறு வற்றிவிட்டால் வீட்டுப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். பக்கத்துக் கிராமத்தில் 100 நாள் வேலை உண்டு; எங்களுக்கு இல்லை என்கிறார்கள். நாங்களும் விவசாயிகள்தானே? மானியங்களும் கிடைக்காதா?
- வாசகர், தேவாரம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் வேலை வேறு, மானியம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

மதுரையிலிருந்து பிரிந்த தேனி மாவட்டம் 1997 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. இங்கே 5 வட்டங்கள், 8 ஊராட்சி ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள், 22 பேரூராட்சிகள், 6 நகராட்சிகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,45,899. இதில் பாதிக்கு மேற்பட்டோர் 'நகர்ப்புறம்' என்று பதிவாகியுள்ளனர். ஆலை பெருகியதால் அல்ல; பேரூராட்சியில் குடியிருந்தால், மாடு கட்டி உழுதாலும் கணக்கில் நகரவாசிதான். தேவாரமும் பேரூராட்சி.

100 நாள் வேலை, 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் பிறந்தது. அது கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. அதனால்தான் பக்கத்துக் கிராமத்தில் இருப்பது உங்களுக்கு இல்லை. 2022-இல் தமிழக அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சில பேரூராட்சிகளில் சோதனை முறையில் தொடங்கியது. இப்போது உங்கள் ஊருக்கு உண்டா என்று பேரூராட்சி செயல் அலுவலரிடம் கேளுங்கள். இல்லையெனில் பலர் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள்.

வேளாண் மானியங்கள் அப்படியல்ல. அவை குடியிருப்பைப் பார்ப்பதில்லை, நிலத்தைப் பார்க்கின்றன. பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. சாகுபடி நடக்கும் நிலம், 2019 பிப்ரவரி 1-க்குள் உங்கள் பெயருக்கு வந்திருந்தால், பேரூராட்சி எல்லைக்குள் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வருமான வரி கட்டுவோர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு.

இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இ-சேவை மையம் வழியே உத்தமபாளையம் வட்டாட்சியரிடம் அந்தச் சான்று பெற்றுவிடுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். கிணற்றில் இருக்கும் கொஞ்சத் தண்ணீரைக் கோடையில் ஒரு மாதம் கூடுதலாக ஓட்ட முடிந்தால், மலைக்குப் போகும் நாட்களும் குறையும்.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

* பட்டா, அடங்கல், சான்றுகள்: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர்.
* வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு: பேரூராட்சி அலுவலகம்.
* விதை, உரம், கருவிகள், பயிர்க் காப்பீடு பற்றிய விவரம்: வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். மா, வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம்.

கேள்வி: உடும்பன்சோலைப் பக்கம் முக்கால் ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறோம். காற்றில் மரம் விழுந்து செடிகள் சேதம். தேனியில் நிவாரணம் கேட்கலாமா?
- வாசகர், போடி

பதில்: கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும். 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பின் மலைக்கு மேலே கேரளம். 1972 முதல் அது இடுக்கி மாவட்டம். உங்கள் ரேஷன் அட்டையும் ஓட்டும் தேனியில் இருக்கலாம். சேதத்தை மதிப்பிடும் அதிகாரம் நிலம் இருக்கும் மாவட்டத்துக்கே உண்டு. விழுந்த மரத்தை அகற்றுமுன் படம் எடுத்துக்கொண்டு, அங்குள்ள வில்லேஜ் ஆபீசிலும் கிருஷி பவனிலும் தாமதிக்காமல் மனுக் கொடுங்கள். நறுமணப் பொருட்கள் வாரியம் மத்திய அரசுடையது. ஏலக்காய் பற்றிய அதன் திட்டங்களைப் போடி அலுவலகத்திலேயே விசாரிக்கலாம்.

இரு வாசகர்களுக்கும் ஒன்று: எந்த மனுவிலும் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால், மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டைக் காட்டிப் பேசலாம்.

ஊராட்சியில் இருக்கும் வாசகர்களும் கவனியுங்கள். உங்கள் ஊரைப் பேரூராட்சியாக்கவோ நகராட்சியோடு சேர்க்கவோ பேச்சு வந்தால், சாலையும் விளக்கும் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள். 100 நாள் வேலை என்னவாகும், வரி எவ்வளவு ஏறும் என்பதையும் கிராம சபையிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். மாறிய பிறகு கேட்டுப் பயன் குறைவு.