ரெபரெண்டம் வேறு, தேர்தல் வேறு!

ஒரு இடைத்தேர்தல் வந்தால் போதும். "இது ஆட்சி மீதான ரெபரெண்டம்" என்று இங்கிலீஷ் பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டு விடுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "அப்படின்னா என்ன தம்பி? எலெக்சனுக்கு இன்னொரு பேரா?"

இல்லை ஐயா!

அது லத்தீன் சொல். 'கேட்டுவரக் கொண்டு போக வேண்டியது' என்று பொருள். சுவிட்சர்லாந்தில் அந்தக் காலத்தில் பொதுச் சபைக்குப் போன மாநிலப் பிரதிநிதிகள், "எங்க ஊரைக் கேட்டுச் சொல்றோம்" என்று விஷயத்தைத் திருப்பி எடுத்து வருவார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த சொல். தேர்தலில் ஆளுக்கு ஓட்டு. இதிலே ஒரு கேள்விக்கு ஓட்டு.

கேள்வி யார் கையில்?

சங்கதியே இங்கேதான். கோர்ட்டில் குறுக்கு விசாரணை பார்த்தவர்களுக்குத் தெரியும். "ஆமா, இல்லை, ரெண்டில் ஒண்ணு சொல்லு" என்று வக்கீல் மடக்கினால் சாட்சி பாதி மாட்டிக் கொண்டார்!

பிரிட்டனில் 2015-ல் "ஐரோப்பிய யூனியனில் நீடிக்கலாமா?" என்று கேட்கத்தான் மசோதா போட்டார்கள். கேள்வி ஒரு பக்கம் சாய்கிறது என்று தேர்தல் கமிஷன் சொன்னது. "நீடிப்பதா, விலகுவதா?" என்று மாற்றினார்கள். 2016 ஜூன் 23-ல் விலகுவதற்கு 51.9 சதவீதம் ஓட்டு விழுந்தது.

இலங்கைக் கதை வேறு. 1977-ல் வந்த பாராளுமன்றத்துக்குத் தவணை முடியப் போகிற நேரம். ஜனாதிபதி ஜெயவர்த்தனா தேர்தல் வைக்கவில்லை. 1982 டிசம்பர் 22-ல் ரெபரெண்டம் வைத்தார். இதே பாராளுமன்றத்தை இன்னும் 6 வருஷம் நீட்டிக்கலாமா? சரி என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். யாழ்ப்பாணத்தில் குடத்துக்கே ஓட்டு குவிந்தது. நாடு முழுக்க எண்ணியபோது விளக்கு ஜெயித்தது, சுமார் 55 சதவீதம். அடுத்த பொதுத் தேர்தல் 1989-ல்தான்! ஜனங்களைக் கேட்கிறேன் என்று சொல்லியே ஜனங்களின் ஓட்டை 6 வருஷம் பூட்டி வைத்தார்கள்.

நம்ம இடைத்தேர்தலுக்கு வருவோம். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் ஓட்டை மாற்றிப் போடுவார். சொந்தக்காரர் என்று ஒருவர் போடுவார். மகள் கல்யாணத்துக்கு வேட்பாளர் வந்து நின்றார் என்றும் போடுவார். இதில் எந்தக் கேள்விக்கு எது பதில்?

'பொது வாக்கெடுப்பு' என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது. இடைத்தேர்தலுக்கு அந்தத் தலைப்பைப் போட்டுப் பாருங்கள், கம்பாசிட்டரே சிரிப்பார். இங்கிலீஷில் போட்டால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை!