ஏறும் வண்டிக்குக் கணக்கு உண்டு, இறங்கும் ஆளுக்கு?

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

2024 மே 7 முதல் இந்த மலைக்கு வரும் சுற்றுலா வண்டி ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ் கேட்கிறீர்கள். உயர் நீதிமன்றம் 2025 சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தது. கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் எத்தனை வண்டி ஏறியது என்று கேட்டால் அன்று மாலையே உங்கள் அலுவலகம் சொல்லிவிடும். அதே சாலைகளில் பிழைப்புத் தேடி இறங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு மட்டும் அதைக் கொஞ்சம் காட்டிக்கொடுத்தது. 2001-ல் மாவட்டத்தின் மக்கள்தொகை 7.62 லட்சம், 2011-ல் 7.35 லட்சம். தமிழ்நாடு முழுக்க ஜனத்தொகை ஏறிய அந்தப் பத்தாண்டில் இங்கே இறங்கியது. பிறப்பு விகிதம் குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் எங்கள் ஊர்களான ஹட்டிகளுக்கு வந்து பாருங்கள். ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு மட்டும் திறந்து, மறுவாரமே பூட்டிக்கொள்ளும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஞாயிறு சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் காலேஜ் பையுடனும் கம்பெனி ஐடி கார்டுடனும் நிற்பவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

வேலை இல்லாததால் போகிறார்கள் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேலை இல்லாத ஊருக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பத்தோடு ஆள் வருவார்களா? இன்று எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிப்பதில் பெரும்பகுதி அவர்கள் கைதான். கேத்தி பாலாடா பக்கம் விடிவதற்கு வெகுநேரம் முன்பே போனால், நெற்றியில் டார்ச் லைட் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறவர்களைப் பார்க்கலாம். கழுவி மூட்டை கட்டி காலைக்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியாக வேண்டும். பக்கத்து மேட்டில் காட்டெருமை நிற்கிறதா என்று ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்வார். வேலை கொட்டிக் கிடக்கிறது ஐயா. இந்த மண்ணில் பிறந்து பன்னிரண்டு வருஷம் படித்த பையன் நின்று செய்யும்படியான கூலியும் மதிப்பும் அதில் இல்லை. அதன் வேர் ஒரே இடத்தில் இருக்கிறது, பச்சைத் தேயிலையின் விலையில்.

மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் இருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, இரண்டு ஏக்கர். இலையை ஏஜெண்ட் பிக்கப் வண்டியில் வந்து எடை போட்டு எடுத்துப் போகிறார். மழை நாளில் ஈரத்துக்கு என்று இத்தனை கிலோ கழிவு. எத்தனை என்பது அவர் மனசு. போட்ட இலைக்கு என்ன விலை என்பது அன்றைக்குத் தெரியாது. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இலைக்காரனுக்கு என்ற கணக்கில், தேயிலை வாரியம் அடுத்த மாதம் ஒரு சராசரி விலையை அறிவிக்கும். விற்றவனுக்கு விலை பிறகு தெரியவரும் வியாபாரம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். கரும்புக்காரர்கள் கூட அரவைக்கு முன்பே விலை தெரிந்துகொள்கிறார்கள்.

அறிவித்த விலையாவது கைக்கு வருகிறதா? சில ஃபேக்டரிகள் தருகின்றன, நல்ல இலைக்கு மேலேயும் போட்டுத் தருகின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும். பல இடங்களில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் குறைகிறது. கேட்டால் இலை முற்றல் என்பார்கள். முற்றல்தான், மறுக்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் நாளெல்லாம் கையால் பறித்து 30 கிலோ எடுத்தால், அவருக்கு 450 ரூபாய் கூலி கொடுத்தால், பறிகூலி மட்டுமே கிலோவுக்கு 15 ரூபாய். உரம், மருந்து, களையெடுப்பு, கவாத்து தனி. விலை 18-லும் 20-லும் நின்றால் எவன் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்கச் சொல்வான்? கத்தரியைப் போட்டு வெட்டுகிறோம், மிஷினை வைத்து அறுக்கிறோம். காம்பும் முற்றலும் சேர்ந்து போகிறது, தூள் மட்டமாகிறது, ஏலத்தில் விலை விழுகிறது, அது இலை விலையாகத் திரும்ப எங்கள் தலையிலேயே வந்து விழுகிறது. இந்தச் சுற்றை விவசாயி தனியாக அறுக்க முடியாது. ஃபேக்டரிக்காரர் தனியாக அறுக்க மாட்டார்.

சீசனில் இன்னொரு கூத்து. மழைக்குப் பின் கொழுந்து ஒரே மூச்சில் கிளம்பும்போது ஃபேக்டரிகள் கோட்டா வைத்துவிடும். உன்னிடமிருந்து இவ்வளவுதான் எடுப்போம் என்பார்கள். மீதி இலை செடியிலேயே முற்றும். வறட்சியிலும் உறைபனியிலும் இலை இல்லை, இலை இருக்கும்போது வாங்க ஆள் இல்லை.

1990-களின் கடைசியில் இந்த மலை ஒரு தடவை செத்துப் பிழைத்தது உங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கும். சோவியத் சந்தை சரிந்த அடி கொஞ்சம் தாமதித்து எங்களுக்கு விழுந்தது; பச்சை இலை விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ரேஷன் கடையில் ஊட்டி டீ விற்கும் திட்டம் அந்த நெருக்கடி பெற்ற பிள்ளை. 2020-ல் கொரோனாவால் வடக்கே உற்பத்தி குறைந்தபோது ஏலம் ஏறி நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டோம். 2023-ல் மறுபடி உண்ணாவிரதப் பந்தல். குறைந்தபட்சம் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு என்பது அப்போது வைத்த கோரிக்கை. பந்தலைப் பிரித்தாயிற்று, கோரிக்கை அப்படியே இருக்கிறது.

தேயிலையை விட்டுவிட்டு மாற்று வேலை கொடுங்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். கொடுத்துப் பார்த்த ஊர்தான் இது. ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் ஃபேக்டரி 1967-ல் உற்பத்தி தொடங்கியபோது மலையில் கவர்மென்ட் வேலை என்றால் அதுதான். அங்கே வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இருந்த மவுசை இன்றும் பாட்டிகள் சொல்வார்கள். டிஜிட்டல் வந்தது, ஆலை நலிந்தது, 2014-ல் விருப்ப ஓய்வுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துக் கதையை முடித்தது. அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. சுற்றுலா இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பெரும்பாலும் ஏப்ரல், மே இரண்டு மாதம். ரூம் பாயும் டிரைவரும் மற்ற மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மேலும் அந்த வருமானம் ஒரு நீதிமன்ற உத்தரவில் ஏறி இறங்கக்கூடியது. இ-பாஸை எதிர்த்துக் கடையடைத்தவர்கள் கட்சியில் நான் இல்லை. இந்த மலை தாங்கும் வண்டிக்கு அளவு உண்டு, வைத்தது சரிதான். ஆனால் ஏறும் வண்டியைக் குறைக்கிறவர்கள், அதை நம்பி இருந்தவனுக்குத் தோட்டத்தில் ஒரு நியாயமான கூலியைக் காட்ட வேண்டாமா?

அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ பற்றியும் ஒரு வார்த்தை. 1964-ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்காகவே உருவான தோட்டங்கள் அவை. இன்று தோட்டத்தில் ஒரு பகுதியைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்டுக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய் என்று சொல்லப்படும் அந்த மூதாட்டிகள் எங்கே போவார்கள்? மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்குப் போவதற்கு இன்னொரு ஊர் கிடையாது.

உங்களிடம் மானியம் கேட்டு இதை எழுதவில்லை. ஏல விலையை நீங்கள் ஏற்றவும் முடியாது. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன். 2003-ன் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பசுந்தேயிலை விலைக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். அது மாதம் தவறாமல் கூடட்டும். ஃபேக்டரிப் பிரதிநிதிகள் உட்காரும் மேஜையில் சிறு விவசாயிகளும், முடிந்தால் பறிக்கிற பெண்களில் ஒருவரும் உட்காரட்டும். ஏஜெண்ட் தராசுகளுக்கு முத்திரை ஆய்வு வரட்டும், முன்னறிவிப்பு இல்லாமல். அறிவித்த விலையைத் தராத ஃபேக்டரி மீது வாரியம் நடவடிக்கை எடுத்ததா என்று ஆட்சியர் அலுவலகம் எழுத்தில் கேட்கட்டும். கூட்டுறவு ஃபேக்டரிகள் பணம் பட்டுவாடா செய்யும் தேதியையும் சேர்த்துக் கேளுங்கள். நம்முடையது என்று நாங்கள் நம்பும் இடத்திலேயே சில மாதங்கள் பணம் தள்ளித்தான் வருகிறது.

இன்னொன்று செலவில்லாத காரியம். ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பலகை. அதில் அந்த வட்டாரத்து ஃபேக்டரி ஒவ்வொன்றின் பெயர், அதற்கு நேராக மூன்று எண்: வாரியம் அறிவித்த விலை, ஃபேக்டரி கொடுத்த விலை, பிடித்த கழிவு. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்தால், முதல் மாதக் கணக்கை எழுதிக் கொடுக்க எங்கள் ஊரில் ஆள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர்