எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்



நம் பாலிடெக்னிக்கில் படிக்கிற நிறையப் பேர் வயல்காட்டுப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான். ஊரில் ஒருவர் டிராக்டர் வாங்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டால் டீக்கடையில் விழும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி.?" என்பதுதான். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பது போல. ஐம்பது என்று சொன்னால் ஒரு மரியாதை. முப்பத்தைந்து என்றால், "அதை வாங்குறதுக்கு ரெண்டு மாடு வாங்கலாமே" என்று ஒரு நையாண்டி.

நம் டெல்டா மாவட்டங்களில், சேற்றில் இறங்கி உழுவதற்காக வண்டி வாங்குகிறவர் பெரிய இன்ஜினுக்குக் கொடுக்கப் போகும் கூடுதல் பணத்தை ஃபோர் வீல் டிரைவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் சொல்லிப் பார்க்கிறேன். மற்றத் துறை நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான் வரும்!

நான் இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் வண்டியில் டிரைவர். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து லோன் போட்டு ஒரு டிராக்டர் எடுக்கலாம் என்று ஆறு மாதமாகப் பேச்சு நடக்கிறது. "ஏண்டா தம்பி, மெக்கானிக்கு படிக்கிறியே, எந்த வண்டி எடுக்கலாம்னு நீதான் சொல்லணும்" என்று பெரியப்பா கேட்டுவிட்டார். டிப்ளமோ முடிவதற்கு முன்பே நமக்கு வருகிற முதல் பரீட்சை இது. இதில் ஃபெயிலானால் அரியர் எழுத முடியாது. எங்கள் தெருவிலேயே ஒருவர் பெருமைக்குப் பெரிய வண்டி எடுத்து, தவணை கட்ட முடியாமல், வண்டியும் போய் அடைப்பதற்கு ஐந்து மா நிலமும் போய், இன்றைக்குத் திருப்பூரில் வேலை பார்க்கிறார்.

முதலில் ஒரு வேடிக்கையான கணக்கு. அமெரிக்கா, கனடாவில் பண்ணைக்காரர்கள் ஏ.டி.வி. என்று ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார், நாலு குண்டு டயர், நாலு சக்கரமும் இழுக்கும். அதில் கேன்-ஆம் அவுட்லேண்டர் 1000ஆர் என்ற வண்டியின் பழைய மாடலுக்கு 976 சி.சி., 91 ஹெச்.பி. நம் ஊரில் ஓடும் 45 ஹெச்.பி. டிராக்டரைப் போல இரண்டு மடங்கு! ஆனால் அது பின்னால் இழுக்கலாம் என்று கம்பெனி சொல்லும் பாரம் சுமார் 750 கிலோதான். நம் டிராக்டரோ நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை, டன் கணக்கில், இழுத்துக்கொண்டு சாவகாசமாகப் போகிறது. ஹெச்.பி. மட்டுமே சக்தி என்றால் இது எப்படி?

விடை நம் முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. பவர் என்பது டார்க்கும் வேகமும் சேர்ந்தது. ஏ.டி.வி. பாய்ந்து ஓடுவதற்காகச் செய்தது. அதன் எடை நானூறு கிலோவை ஒட்டித்தான். தரையை அழுத்திப் பிடிக்க எடை இல்லாத வண்டிக்கு எத்தனை ஹெச்.பி. கொடுத்தாலும் சக்கரம் சுற்றுமே தவிர பாரம் நகராது. (போலாரிஸ் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற ஏ.டி.வி. நம் நாட்டில் டிராக்டர் என்ற பிரிவிலேயே விற்பனைக்கு வந்தது என்பது தெரியுமா? எஸ்டேட்டில் மருந்து டிரம் இழுக்க நன்றாக இருக்கலாம். தொளி அடிக்க அதை யாரும் நினைக்க வேண்டாம்.)

சரி, நம் வண்டிகளுக்கு வருவோம். ஊரில் பலரும் பேசுகிற இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். மஹிந்திரா 575 டி.ஐ.: நான்கு சிலிண்டர், 2730 சி.சி., 45 ஹெச்.பி., 1900 ஆர்.பி.எம்., எடை 1860 கிலோ, டூ வீல் டிரைவ். குபோட்டா எல்4508: நான்கு சிலிண்டர், 2197 சி.சி., அதே 45 ஹெச்.பி., 2600 ஆர்.பி.எம்., எடை 1365 கிலோ, ஃபோர் வீல் டிரைவ். ஹெச்.பி. மட்டும் கேட்கிற டீக்கடைக் கணக்கில் இரண்டும் ஒன்று. சி.சி. பார்க்கிறவர் கணக்கில் முதல் வண்டி பெரியது. அந்த ஆர்.பி.எம்.மில் டார்க் போட்டுப் பார்த்தால் முதலாவதுக்குச் சுமார் 169 நியூட்டன் மீட்டர், இரண்டாவதுக்குச் சுமார் 123. அப்போ முதல் வண்டிதானே பலசாலி என்று தோன்றும். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் கியர்பாக்ஸ் இருக்கிறதே! அதிக வேகத்தில் சுற்றும் இன்ஜினை அதிகமாகக் குறைத்துக் கொடுத்தால் சக்கரத்தில் டார்க் சமன் ஆகிவிடும். ஆகவே சி.சி.யை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

உண்மையான வித்தியாசம் சக்கரம் மண்ணைத் தொடுகிற இடத்தில்தான் இருக்கிறது. டூ வீல் டிரைவ் டிராக்டரில் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் சக்கரத்தின் மேல். மீதி முன் சக்கரத்தின் மேல். அந்த முன் எடை இழுப்பதற்கு ஒரு கிராம்கூட உதவாது. கணக்குப் பாருங்கள்: 1860 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு 1240 கிலோ. எல்4508-ல் நான்கு சக்கரமும் இழுப்பதால் 1365 கிலோவும் வேலை செய்கிறது. ஐந்நூறு கிலோ இலேசான வண்டி, இழுப்புக்குப் பயன்படுகிற எடையில் கனமான வண்டியை முந்திவிட்டது! இழுக்கும்போது முன்பாரம் கொஞ்சம் பின்னால் மாறும், பின்னால் மாட்டும் ரொட்டவேட்டர் எடையும் சேரும் என்று சொல்வீர்கள். சரிதான், வித்தியாசம் குறையும். ஆனால் சேற்றில் இன்னொரு விஷயம் இருக்கிறது. டூ வீல் டிரைவில் அந்த ஒல்லியான முன் டயர்களைப் பின் சக்கரம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். களிமண் தொளியில் முன் டயர் இறங்கினால் சேற்றை முட்டிக்கொண்டே நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். அப்பா இதற்கு, "மூஞ்சி குத்துது" என்பார். டிரைவர் பின்னால் கேஜ்வீல் மாட்டிக்கொண்டு, இடது பிரேக், வலது பிரேக் என்று மாற்றி மாற்றி மிதித்து ஓட்டுகிறார். ஒரு நாள் முழுக்க அப்படி மிதித்துவிட்டு வந்த ஆளின் முழங்காலைப் போய்ப் பாருங்கள். ஃபோர் வீல் டிரைவில் முன் டயர் பெரிசு, பட்டையும் உண்டு. தானே பிடித்து ஏறும்.

இதனால் எல்லாரும் ஃபோர் வீல் டிரைவ் இலேசு வண்டிதான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்த நிலத்தில் ஒன்பது கொத்து கலப்பை போட்டு ஆழ உழுகிறவருக்கு, கரும்பு லோடு அடிக்கிறவருக்கு, செங்கல் சூளைக்கு ஓட்டுகிறவருக்கு எடை வேண்டும். அவருக்கு அந்தக் கனமான டூ வீல் வண்டியே பொருத்தம். தார் ரோட்டில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டபடி ஓட்டுவது தவறும்கூட. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சிறிது வேகமாக உருளும்படிதான் கியர் விகிதம் அமைத்திருக்கிறார்கள். சேற்றில் அது நல்லது, டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். ரோட்டில் வழுக்க முடியாது. முன் டயர் தேயும், கியர் முறுக்கிக்கொள்ளும். அதே காரணத்தால் டயர் மாற்றும்போது முன்னாலோ பின்னாலோ வேறு சைஸ் போட்டால் அந்த விகிதம் கெட்டுவிடும். செகண்ட் ஹாண்டில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி பார்க்கப் போகிறவர்கள் டயர் சைஸை மேனுவலோடு ஒத்துப் பார்ப்பது அவசியம். முன் ஆக்சிலில் ஆயில் கசிகிறதா என்று குனிந்து பார்ப்பதும்தான்.

ஷோரூமுக்குப் பெரியப்பாவோடு நானும் போனேன். விற்பனைப் பிரதிநிதி, "ஐயா, இது ஐம்பது ஹெச்.பி., உங்க ஏரியாவுல யார்கிட்டயும் இல்லை" என்று ஆரம்பித்து, பரிசுக் கூப்பன் வரைக்கும் வந்துவிட்டார். "பி.டி.ஓ. ஹெச்.பி. எவ்வளவு சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் தம்பி" என்றார். நண்பர்களே, கம்பெனி பார்த்துக்கொள்ளாது! ரொட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டு. இன்ஜினில் 45 என்றால் பி.டி.ஓ.வில் 38-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். சக்கரம் வழியாகக் கொக்கியில் கிடைப்பது அதைவிடக் குறைவு, சேற்றில் இன்னும் குறைவு. நமக்கு வேலை செய்வது அந்தக் கடைசி எண்கள்தான். ஸ்டிக்கரில் ஒட்டியிருப்பது முதல் எண்.

இந்தக் கடைசி எண்களை யார் அளந்து சொல்வார்கள்? மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் 1955 முதல் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டரை அங்கே சோதித்து அறிக்கை தருகிறார்கள். பி.டி.ஓ. பவர், ஒரு மணிக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு இழுக்கும், ஹைட்ராலிக் எவ்வளவு தூக்கும், பிரேக் எப்படி என்று எல்லாம் இருக்கும். சேற்று உழவில் விட்டுப் பார்த்து, சீல்களைத் தாண்டிச் சேறும் தண்ணீரும் உள்ளே போனதா என்றுகூடப் பிரித்துப் பார்க்கிறார்கள். இது ரகசிய ஆவணம் ஒன்றும் கிடையாது, யாரும் வாங்கிப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது, அட்டவணையாக இருக்கிறது, அவ்வளவுதான் தடை. அந்தத் தடையைத் தாண்டுவதற்குத்தானே நம்மை மூன்று வருஷம் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்? நம் ஆட்டோமொபைல் லேபில் அறுத்து வைத்த இன்ஜினை ஆறு செமஸ்டரும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். ஒரே ஒரு சோதனை அறிக்கையை வகுப்பில் வைத்து வாசிக்கச் சொல்லித் தந்தால் எத்தனை குடும்பத்துக்கு உபயோகம்! ஆசிரியப் பெருமக்கள் தயவு செய்து இதைக் கவனிக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டும் ஆசைக்கு இன்னொரு செலவும் உண்டு. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் அதற்காக எலெக்ட்ரானிக் கன்ட்ரோலுடன் கூடிய காமன் ரெயில் டீசல் பம்பு வந்துவிட்டது. நம் ஊர் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டே சரி செய்த வேலைக்கு இனி ஸ்கேனர் வேண்டும். நடவு சீசனில் வண்டி நின்றால், ஸ்கேனர் வைத்திருப்பவர் வரும்வரை வண்டி வயலிலேயே நிற்கும். ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழேயே வரிசையாக மாடல்கள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் எட்டு லட்சம் விலையுள்ள வண்டியில் இது 56,000 ரூபாய். இந்த மிச்சத்தை "இன்னும் அஞ்சு ஹெச்.பி. ஏத்திக்குங்க" என்று வாங்கிக்கொள்ளத்தான் விற்பவர்கள் பார்ப்பார்கள். ஒரே மாடலில் ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால் லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ கூடுதல் ஆகும். அந்த 56,000 அதில் ஒரு பகுதிக்கு ஆகட்டும் என்பேன்.

அதைவிட முக்கியம், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும் என்பது. ஒன்பது லட்சம் போட்டு வாங்கி, பத்து வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு விலைதான் மிஞ்சும் என்றால் தேய்மானம் மட்டும் வருஷம் 81,000. கணக்குப் போடுபவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது போல் 1000 மணி ஓடினால் மணிக்கு 81 ரூபாய். 300 மணிதான் ஓடியது என்றால் மணிக்கு 270 ரூபாய். வட்டி, டீசல், டிரைவர் கூலி எல்லாம் இதற்கு வெளியே! 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் சராசரியாக இருப்பது 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுப்பதே மேல். வாங்கித்தான் தீர வேண்டும் என்பவர், வருஷத்தில் எத்தனை பேர் வயலில் வாடகைக்கு ஓட்டுவோம் என்று பெயர் பெயராக எழுதிப் பார்த்துவிட்டு வாங்கட்டும். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் மானியம் கூடுதல். லோனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை விசாரிக்க வேண்டும், பிறகு ஓடிப் பயனில்லை.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் நோட்டில் எழுதிக் காட்டினேன். டார்க் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. 1240-க்கும் 1365-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டியதும் நோட்டை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "அப்போ முன்னால இருக்குற கனம் சும்மா சவாரி வருதுங்குறே" என்றார். நம் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை!

கடைசியாக ஒரு யோசனை. எந்தக் கம்பெனியானாலும் டெமோ கேளுங்கள். ஷோரூம் வாசலில் ஸ்டார்ட் செய்து காட்டுவதை டெமோ என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து வயல் ஊறின பிறகு, நம் வயலிலேயே, நம் ரொட்டவேட்டரை மாட்டி, வரப்போரம் திரும்புகிற இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டேங்கை நிரப்பிவிட்டு ஒரு மா உழுது முடித்து, மறுபடி நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வண்டியை ஓட்டப் போகிற டிரைவர் யாரோ, அவரையே சீட்டில் உட்கார வையுங்கள். நம்மில் ஒருவர் வரப்பில் நோட்டும் பேனாவுமாக நின்றால் போதும்.