பெருக்கிக் கூட்டும் வேலை!

2019 ஏப்ரல் 10. நெருப்பு வளையம் போல மங்கலான ஒரு படம் உலகம் முழுக்க செல்போன்களில் வலம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில், எம்87 கேலக்ஸியின் நடுவே இருக்கும் கருந்துளையின் முதல் படம் அது.

அதைக் கேமராவில் ‘க்ளிக்’ செய்துவிடவில்லை. 2017 ஏப்ரலில் நடந்த அந்த ஆய்வில் 6 இடங்களில் இருந்த 8 ரேடியோ தொலைநோக்கிகள் பங்கேற்றன. பதிவான தகவல் சுமார் 5,000 டெராபைட். 128 ஜிபி செல்போன்களில் சேமித்தால், ஏறக்குறைய 40,000 போன்கள் நிரம்பிவிடும்!

இவ்வளவையும் இன்டர்நெட்டில் அனுப்ப முடியாது. ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத்தில் குளிர்காலம் முடியும்வரை விமானமே கிடையாது. அங்கிருந்த டிஸ்க்குகள் வந்து சேர டிசம்பர் ஆகிவிட்டது.

சரி, வந்த பிறகு? அங்கேதான் யாரும் அதிகம் பேசாத வேலை ஆரம்பிக்கிறது. அதற்குப் பெயர் கோரிலேஷன். பூமி உருண்டை என்பதால், ஒரே ரேடியோ அலை ஒரு தொலைநோக்கியைச் சற்று முன்பும் இன்னொன்றைச் சற்றுப் பின்பும் தொடும். அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, இரண்டு பதிவுகளையும் நேர் செய்து, ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடைகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் வான சிக்னல் மேலே வரும், இரைச்சல் அடங்கிவிடும்.

இதை ஒவ்வொரு ஜோடிக்கும் செய்ய வேண்டும். 8 தொலைநோக்கி என்றால் 28 ஜோடி. அதுவே 16 ஆனால் 120 ஜோடி. தொலைநோக்கி இரண்டு மடங்கு, வேலையோ நான்கு மடங்குக்கும் மேல்!

முன்பெல்லாம் இதற்கென்றே தனி இயந்திரம் செய்வார்கள். இப்போது பல கணினிகளை ஒன்றாக இணைத்த கிளஸ்டரில் சாஃப்ட்வேரே செய்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆடம் டெல்லர் உருவாக்கிய ‘டிஃப்எக்ஸ்’ அப்படிப்பட்டது. கருந்துளை ஆய்வுக்கும் அதுதான் உழைத்தது.

ஆனால், புது கிளஸ்டரை வாங்கியதும் வேலையைக் கொடுத்துவிட முடியாது. முதலில் பரீட்சை. பெஞ்ச்மார்க் என்பார்கள். ஒரே பதிவைக் கொடுத்து, கணினிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய் நேரத்தைக் குறிப்பார்கள். இரண்டு மடங்கு கணினி போட்டால் நேரம் பாதியாகக் குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் குறையவே குறையாது!

ஏன்? தோசை ஊற்ற பத்து பேர் கரண்டியோடு நின்றாலும், மாவு அரைக்க ஒரே கிரைண்டர்தான் என்றால் பந்தி எப்படி நகரும்? ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல் வரும் வேகமும் கணினிகளுக்கு இடையே அது ஓடும் வேகமும்தான் இங்கே கிரைண்டர். எது இழுக்கிறது என்று தெரியாமல் மேலும் கணினி வாங்கினால் காசுதான் வீண்.

வேகத்தைவிட முக்கியமான பரீட்சை ஒன்று உண்டு. பழைய விடையும் புது விடையும் ஒத்துப்போகிறதா? கணினி எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களில் சின்ன வித்தியாசம் வரலாம், பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எங்கோ தப்பு. இந்தத் தப்பு சத்தம் போடாது. சாஃப்ட்வேர் நிற்காமல் ஓடும், ஃபைலும் வரும், சிக்னல் மட்டும் காணாமல் போயிருக்கும். கோரிலேஷன் முடிந்ததும் டிஸ்க்கை அழித்து அடுத்த ஆய்வுக்குக் கொடுப்பது பொதுவான வழக்கம். அப்புறம் தப்பைக் கண்டுபிடித்து என்ன பயன்?

அதனால்தான் கருந்துளைப் பதிவுகளை ஒரே இடத்தில் விடவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி ஹேஸ்டாக் ஆய்வகமும் ஜெர்மனியின் பான் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனமும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. வேலை சீக்கிரம் முடிந்தது. ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கவும் முடிந்தது.

அந்த வளையத்தை உலகம் நம்பியதற்குப் பின்னால், இப்படிச் சரிபார்த்த கணக்கும் இருக்கிறது.