உரிமம் யாருக்கு, விசாரணை யார் மீது?

ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் பெண்களைக் கூட்டிப் பேசுவதென்றால் இரவு எட்டரை மணிக்கு மேல்தான் முடியும். வீட்டு வேலை, துப்புரவு வேலை, துணிக்கடை வேலை எல்லாம் முடித்து அவர்கள் திரும்ப அவ்வளவு நேரமாகிவிடும். அண்மையில் அப்படியொரு கூட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கு உரிமம் வேண்டும், அங்கே வேலை செய்பவர்களைப் பற்றிக் காவல் துறையில் விசாரித்திருக்க வேண்டும் என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தோம். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்க, ஓர் இளம் தாய் குறுக்கிட்டார். "லைசென்ஸ் இருக்கான்னு கேட்டா, நாளையிலேந்து புள்ளைய இட்டுனு வராதன்னு சொல்லிடுவாங்கக்கா. அப்புறம் நான் எங்க போய் உடுறது?"

எங்களிடம் உடனே பதில் இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்குதான் நாடு முழுவதையும் உலுக்கியது. மாமல்லபுரம் பகுதி அனாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக வெளிவந்த பத்திரிகைச் செய்தி, 2007-ல் ஒரு கடிதத்தோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. தீர்ப்பு வந்தது 2017 மே 5 அன்று. பத்து ஆண்டுகள். எட்டு வயதில் கொடுமைக்கு ஆளான பிள்ளை பதினெட்டைத் தொட்டிருக்கும். எல்லா இல்லங்களும் 2017 டிசம்பர் 31-க்குள் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடத்தப்பட வேண்டும் என்று நீதிபதிகள் மதன் லோக்கூர், தீபக் குப்தா அமர்வு உத்தரவிட்டது.

அதற்கு முன்பே 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வந்துவிட்டது. அதன் 41-ஆவது பிரிவுப்படி, அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும், மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குழந்தைகள் இல்லம் பதிவு பெற்றாக வேண்டும். பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2014-ல் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அதில் உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-ல் தனி நெறிமுறை வந்தது. ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் ஒரு விதி வந்திருக்கிறது.

இந்த இல்லங்களில் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் பெற்றோர், தாயோ தகப்பனோ இறந்துபோன குடும்பங்கள், கடனில் மூழ்கியவர்கள். இலவசச் சாப்பாடு, இலவசப் படிப்பு என்று ஒருவர் வந்து சொன்னால், பதிவு எண்ணைக் கேட்கும் நிலையிலா நம் காலனிப் பெற்றோர் இருக்கிறார்கள்? கைகூப்பி அனுப்பிவைக்கிறார்கள். 2021 ஜூனில் மதுரையில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்த குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பொய் ஆவணம் காட்டி விற்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது. அந்தக் குழந்தையின் தாயும் கேட்க ஆளில்லாத ஏழைதான்.

உரிமம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பீகாரின் முசாபர்பூர் இல்லம் அரசுப் பணத்தில் நடந்தது. அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் சீரழிக்கப்பட்டது 2018-ல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கையில்தான் வெளியே தெரிந்தது. வெளியாள் உள்ளே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிய பிறகே உண்மை வந்தது. அலமாரியில் இருந்த கோப்பு எதையும் சொல்லவில்லை.

அடுத்தது பணியாளர் விசாரணை. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று குழந்தைகள் புழங்கும் எந்த இடமானாலும், ஆசிரியரோ ஆயாவோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, எல்லாப் பணியாளரைப் பற்றியும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல் துறைச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். நல்ல விதி. வரவேற்கிறோம். ஆனால் எந்த வழக்கு இருந்தால் ஒருவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதில் தெளிவில்லை. சுடுகாட்டுப் பாதைக்காக மறியல் செய்தவர் மீதும் வழக்கு இருக்கிறது, அம்பேத்கர் படம் வைத்ததில் வந்த தகராறில் பெயர் சேர்க்கப்பட்டவர் மீதும் வழக்கு இருக்கிறது. குழந்தைகள், பெண்கள் மீதான குற்றமும் கொடிய வன்முறையும் தடையாகட்டும். போராட்ட வழக்கு ஓர் ஆயாவின் வேலையைப் பறிக்கக் கூடாது. அதே கூட்டத்தில், நான்கு பிள்ளைகளைத் தன் ஒற்றை அறையில் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் கேட்டார்: "எங்க வூட்டுக்காரர் மேல பழைய கேஸ் ஒண்ணு கீது. எனக்கு சர்டிபிகேட் குடுப்பாங்களா?"

எந்தச் சட்டமும் கேட்காத இன்னொரு விசாரணை நம் ஊர்களில் தவறாமல் நடக்கிறது. 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், சமைப்பவர் அருந்ததியர் பெண் என்பதற்காக ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023-ல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் இதே கதை. ஆட்சியரே போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பிள்ளையைத் தொடுபவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிக்காத ஊர், சோறு ஆக்குபவளின் சாதியை மட்டும் விசாரித்துவிடுகிறது.

சரி, அந்த இளம் தாய்க்கு என்ன பதில்? அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடுகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் சொன்னது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கு அதனால் பயனில்லை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் அமைக்க வழியிருக்கிறது. லாயிட்ஸ் சாலைச் சந்துகளுக்கு அதைக் கேட்கிறோம், இரவு எட்டு மணி வரை. ஒற்றை அறையில் பிள்ளை பார்க்கும் பெண்களை அபராதம் போட்டு விரட்டாமல், பயிற்சியும் ஊதியமும் கொடுத்து அங்கேயே பணியில் எடுக்கலாம். சரிபார்ப்புக் கட்டணத்தை அரசே கட்டட்டும்.

விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் ஊர்களில் மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு எழுதுங்கள். மாவட்டத்தில் பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல், பதிவு முடியும் நாள், கடைசியாக ஆய்வு நடந்த நாள், காவல் துறைச் சரிபார்ப்பு முடிந்த பணியாளர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பட்டியலில் இல்லாத இல்லத்தில் உங்கள் தெருப் பிள்ளை இருந்தால் 1098-க்குப் பேசுங்கள். ராயப்பேட்டையிலிருந்து எங்கள் மனு இந்த வாரம் போகிறது.