உறையில் இருக்கும் கத்தி

திருத்தணி மலைக்கு 365 படி. ஏறி இறங்குவதற்குள் இரண்டு முறை சிறுநீருக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று அறுபது வயதுக்காரர் ஒருவர் டாக்டரிடம் சொன்னால், பெரும்பாலும் பி.எஸ்.ஏ. டெஸ்ட்டுக்குச் சீட்டு எழுதுவார். லேபில் ரத்தம் கொடுத்தால் ஓர் எண் வரும். பக்கத்தில் '4-க்குள்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு மில்லி ரத்தநீரில் 4 நானோகிராம் என்று பொருள். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியதை எப்படி அளக்கிறார்கள்?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி செய்யும் புரதம். அதன் வேலை வெட்டுவது. விந்து வெளிவந்ததும் கூழ்போல் உறைந்திருக்கும். அதிலுள்ள வேறொரு புரதத்தை இது துண்டு துண்டாக்கியதும் நீர்த்துவிடும். இப்படிப் புரதத்தை வெட்டும் புரதத்துக்குப் புரோட்டியேஸ் என்று பெயர். கத்தி என்றே வைத்துக்கொள்ளலாம். இதில் மிகக் கொஞ்சம் ரத்தத்தில் கசியும்.

அதைப் பிடிப்பது எதிர்ப்பான், அதாவது ஆன்டிபாடி. ஒவ்வொரு எதிர்ப்பானும் ஒரு வடிவத்தைத்தான் பற்றும். ஒரே வகை எதிர்ப்பானைச் சுண்டெலி செல்களைக் கொண்டு வேண்டிய மட்டும் செய்யும் வழியைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். டெஸ்ட்டில் இரண்டு எதிர்ப்பான்கள் வேலை செய்கின்றன. முதலாவது, சிறு குழியின் அடியிலோ நுண்மணியின் மேலோ ஒட்டியிருந்து பி.எஸ்.ஏ.வைப் பிடித்து நிறுத்தும். மற்றதையெல்லாம் கழுவிவிடுவார்கள். பிறகு ஒளி தரும் பொருள் கட்டிய இரண்டாவது, மறுபக்கத்தைப் பற்றும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு பி.எஸ்.ஏ.

எதிர்ப்பானுக்குத் தெரிவது கத்தியின் வடிவம் மட்டும். அது வெட்டுமா என்று தெரியாது. ரத்தத்தில் பெரும்பாலான கத்திகள் உறையில் இருக்கின்றன. இன்னொரு புரதம் அவற்றைப் பற்றி மூடியிருக்கிறது. உறை மறைத்த இடத்தைத் தேடும் எதிர்ப்பான், உறையில்லாததை மட்டும் காணும். அதுதான் 'ஃப்ரீ' பி.எஸ்.ஏ. திறந்த பக்கத்தைத் தேடுவது இரண்டையும் காணும். அது 'டோட்டல்'. தொடக்ககால டெஸ்ட் கிட்டுகள் சில இரண்டையும் சமமாகப் பற்றவில்லை. அதே ரத்தத்துக்குக் கிட்டுக்குக் கிட்டு எண் மாறியது. பின்னர் உலக சுகாதார நிறுவனம், உறையிட்டது 90, தனித்தது 10 என்ற விகிதத்தில் ஒரு பொது அளவுகோலைத் தந்தது. வேறுபாடு குறைந்ததே தவிர மறையவில்லை.

ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியில் எழுதி விற்கும் எதிர்ப்பான்களில் சிக்கல் இன்னும் கூடுதல். பி.எஸ்.ஏ.வுக்குக் கே.எல்.கே.2 என்று உடன்பிறப்பு உண்டு. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரே அச்சு. எதிர்ப்பான் அதையும் பிடித்துவிடலாம். அதனால் கவனமுள்ள ஆய்வாளர், பி.எஸ்.ஏ. மரபணுவை நீக்கிய செல்லில் முதலில் அந்த எதிர்ப்பானைப் பரிசோதிப்பார். அங்கும் ஒளி வந்தால் குப்பியை ஒதுக்கி வைப்பார்.

4-ஐத் தாண்டினால் புற்றுநோய் என்று பொருளல்ல. வயதில் சுரப்பி பெருத்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் எண் ஏறும். 4-க்குள் இருந்தும் நோய் இருப்பதுண்டு. திருத்தணியில் ஒன்றும் சென்னையில் ஒன்றுமாக இரண்டு தாள் வைத்துக்கொண்டு 'ஏறிவிட்டதே' என்று பதறுபவர், இரண்டு லேபிலும் ஒரே கிட்டுதானா என்று முதலில் கேட்கலாம்.